முதல் மடக்கு

அந்த வாரம் பிலோமினாவின் மேசைக்குப் பதிவுக்காக வந்தது ஒரே ஒரு புட்டி. சுற்றியிருந்த வைக்கோலை உருவியதும் அவள் கை அப்படியே நின்றுவிட்டது. கறுத்த கண்ணாடி. தக்கைக்கு மேல் தேன்மெழுகு. மெழுகு இறுகுவதற்கு முன் யாரோ அதில் கட்டைவிரலை வைத்து அழுத்தியிருந்தார்கள். நகத்தோரத்தில் கவாத்துக் கத்தி பட்ட தழும்புகூட அச்சாக விழுந்திருந்தது. இன்னாசிபுரத்தில் இருக்கும் அவளுடைய அண்ணன் பங்கிராஸின் விரல் அது.

“இது எப்படி இங்க வந்துச்சு?” என்று கேட்டாள்.

பதிவுக்கூடத்தின் பொறுப்பாளர் தாரிணி திரையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “கொச்சியில ஒரு ஏலத்துல எடுத்தாங்க மேடம். நூறு வயசு தாண்டின கொடியாம். சிவப்பு ஒயின்ல இவ்வளவு கனமானது இந்தப் பக்கம் வேற எங்கயும் இல்லையாம். கம்பம் பள்ளத்தாக்கு. உங்க ஊர்ப் பக்கம்தானே?”

“ஊர்ப் பக்கம் இல்ல. எங்க வீடு.”

இப்போது தாரிணி தலையைத் தூக்கினாள்.

கோவையில் ‘ருசிப்பேழை’ நிறுவனத்தில் பிலோமினா நெடுநாளாகச் சுவைஞர். மழை பொய்த்துப் பொய்த்து வயல்கள் போன பிறகு ஜனங்களுக்கு ரேஷனில் பாசிமாவுதான் கிடைத்தது. தொட்டிகளில் வளர்த்த பாசியைக் காயவைத்து அரைத்த மாவு. அதில் சத்து உண்டு, ருசி கிடையாது. ருசி வேறு வழியாக வந்தது. காதுக்குப் பின்னால் விரல் அகலத்தில் ஒரு பட்டையை ஒட்டிக்கொண்டு கூழைக் குடித்தால் ஆட்டுக்கறிக் குழம்போ நெத்திலி வறுவலோ பங்கனப்பள்ளி மாம்பழமோ, எது வேண்டுமோ அது நேராக மூளையில் இறங்கும். யாரோ ஒருவர் அதை நிஜமாகத் தின்றபோது அவர் மூளையில் நடந்ததை அப்படியே எடுத்து வைத்த பதிவு அது. அந்த யாரோ ஒருவர் பிலோமினா, அல்லது அவளைப் போன்ற இன்னும் சிலர்.

பதிவான ருசி, கொடுத்தவரிடம் தங்குவதில்லை. எந்திரம் அந்த நரம்புத் தடத்தை அவ்வளவு ஆழமாக உழுதுவிடும். நாவல்பழத்தைப் பதிந்த நாளிலிருந்து பிலோமினாவுக்கு நாவல்பழம் வெறும் ஈரச் சதை. மிளகு வெறும் எரிச்சல். காப்பி வெறும் வெந்நீர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவளுக்கு அது பெருமையாகக்கூட இருந்தது. என் ஒருத்தி வாயிலிருந்து போவது இத்தனை ஜனத்தின் வாய்க்குப் போகிறதே என்று நினைத்தாள். இப்போதெல்லாம் தட்டில் என்ன இருக்கிறது என்று பார்க்காமலே சாப்பிட்டு எழுந்துவிடுவாள்.

“எங்க அண்ணன்கிட்டக் கேட்டீங்களா?” என்றாள் பிலோமினா.

“கேக்க வேண்டியதில்ல மேடம். ஒரு புட்டி கையில இருந்தாப் போதும்னுதான் சட்டம்.” தாரிணி குரலைத் தணித்தாள். “பதிவாயிட்டா அந்தத் தோட்டத்துக்குத் தண்ணிய நிப்பாட்டிருவாங்க. உங்களுக்கே தெரியும்.”

தெரியும். நீர்ப் பங்கீட்டு மன்றத்தின் விதி அது. வேறெங்கும் கிடைக்காத பயிருக்கு மட்டும்தான் வாய்க்கால் தண்ணீர். அதன் ருசி பேழைக்குள் வந்துவிட்டால் பயிர் காப்பாற்றப்பட்டதாக அர்த்தம். தண்ணீர் குடிநீருக்குப் போய்விடும்.

“அந்தத் தண்ணி ராமநாதபுரத்துக்குப் போகுது மேடம். எங்க அம்மா அங்கதான் இருக்காங்க. குளிச்சு எவ்வளவு நாளாச்சுன்னு கேட்டாச் சிரிக்கிறாங்க. இந்தச் சட்டத்தைத் தப்புன்னு சொல்ல என்னால முடியல.”

“நான் மாட்டேன்னா?”

“துரைப்பாண்டி சார் செய்வார்.”

துரைப்பாண்டி ஒரே காலைப்பொழுதில் மூன்று பொருளைப் பதிந்துவிட்டு வீட்டுக்குப் போகிறவன். மாத்திரை போடுகிற மாதிரி விழுங்குவான். பிலோமினா புட்டியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். வெளிச்சம் உள்ளே நுழையவே இல்லை. போகத்தான் போகிறது என்றால் இதை அவன் வாயிலா கொடுப்பது?

“நானே செய்றேன். அதுக்கு முன்னாடி ஒரு எட்டு ஊருக்குப் போயிட்டு வந்துர்றேன்.”

அவள் பேருந்தில் போனபோது பள்ளத்தாக்கு முழுக்க வெறும் கல்தூண்கள் வரிசை வரிசையாக நின்றன. ஒரு காலத்தில் திராட்சைப் பந்தல் தாங்கிய தூண்கள். கம்பியைக்கூட விட்டுவைக்காமல் உருவிக்கொண்டு போயிருந்தார்கள். இன்னாசிபுரம் மாதா கோயிலைத் தாண்டிப் பாதை வளைகிற இடத்தில் மட்டும் கண்ணைக் குத்துகிற மாதிரி ஒரு பச்சை. அண்ணனின் தோட்டம்.

மதினி சலேத் மேரி வாசலில் நின்று பாசிமாவு சலித்துக்கொண்டிருந்தாள். “வா தாயி! சொல்லாமக் கொள்ளாம வந்துருக்க? எல்லாம் நல்லதுதான?”

“சும்மாதான் மதினி. உங்களையெல்லாம் பாக்கணும்போல இருந்துச்சு.”

“அவரு கொடிக்குள்ளதான் கெடப்பாரு. போ, போய் நீயாச்சும் சாப்பிடக் கூப்பிடு.”

பங்கிராஸ் பந்தலுக்கடியில் குனிந்து நின்றிருந்தார். அறுபதைத் தாண்டிய மனிதர். எந்நேரமும் பந்தலுக்குள் குனிந்தே நடந்து, வெளியில் வந்தாலும் முதுகு நிமிராது. அவரைச் சுற்றி அடிமரங்கள் தொடைப் பருமனில் முறுக்கிக்கொண்டு நின்றன. பட்டை நார் நாராக உரிந்து தொங்கியது. மேலே இலை அடர்ந்திருந்தாலும் கொத்துகள் அங்கொன்றும் இங்கொன்றும்தான்.

தங்கையைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. “ஏ, பிலோமி! வா, வா. பாத்தியா, இந்த வருசம் காப்பு ரொம்பக் கம்மி. வயசாகிப்போச்சுல்ல. ஆனா மணியப் பாரு. சின்னது, தோலு தடிமன். அதுலதான் அம்புட்டுச் சாரமும் இருக்கு. சின்னக் கொடி வண்டி வண்டியாக் காய்க்கும், தண்ணியாத்தான் இருக்கும்.”

“வேறெங்கயாச்சும் குச்சி வெட்டி நட்டு வச்சிருக்கீங்களாண்ணே?”

“நட்டாக் கொடி வரும். நூறு வயசு எங்கருந்து வரும்?” என்று சிரித்தார். “இதோட வேரு நம்ம கெணத்துக்கும் கீழ போயிருக்கு. நம்ம தாத்தா காலத்து மண்ணையெல்லாம் குடிச்சுக்கிட்டுல்ல நிக்குது.”

வீட்டுக்குப் பின்னால் இருந்த நிலவறைக்கு அவளைக் கூட்டிப்போனார். உள்ளே குளுமையாக இருந்தது. சின்ன வயதில் இந்தக் கதவைத் திறந்தாலே வாசனை தெருவரைக்கும் வரும். இன்று ஒன்றும் வரவில்லை. பீப்பாய்களை அண்ணன் இறுக்கமாக அடைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள். இந்த ஒயினை அவள் ஒரு சொட்டுக்கூடக் குடித்ததில்லை. பெண்பிள்ளைகளுக்கு அப்பா கொடுக்கமாட்டார். வேலைக்குப் போன பிறகு அவளாகவே தள்ளி நின்றாள்.

பங்கிராஸ் ஒரு கண்ணாடித் தம்ளரை வேட்டி முனையால் துடைத்து, அடியில் கொஞ்சம் ஊற்றினார். “மூணு வருசத்துச் சரக்கு. கொச்சிக்காரன் ஒருத்தன் வந்து இதுல ஒரு பெட்டி வாங்கிட்டுப் போனான். இப்பத் தொறக்காதடான்னு படிச்சுப் படிச்சுச் சொல்லிவிட்டேன். இது இன்னும் பச்சப்புள்ள. நாக்கக் கடிக்கும். இன்னும் இருபது வருசமாச்சும் தூங்கணும். அப்பறம் எந்திரிச்சதுன்னா...” அவர் கையை விரித்தார். மேலே சொல்லத் தெரியவில்லை. “நம்ம அப்பா ஊத்தினதுல ஒண்ண அப்பிடித் தொறந்து குடிச்சிருக்கேன். சரி, நீ நாக்குல வச்சுப் பொழைக்கிறவ. இந்தா. எப்பிடி இருக்குன்னு நீ சொல்லு. ஒரு நாளும் கேட்டதில்ல.”

பிலோமினா தம்ளரை வாங்கிக்கொண்டாள். வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

“குடி தாயி. அப்பா ஒண்ணும் வந்து அடிக்கமாட்டாரு.”

“பதிவுக்கு முன்னாடி வாயில வைக்கக்கூடாதுண்ணே. முதல் மடக்குதான் முழுசாப் பதியும்.”

சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டது உறைத்தது. பங்கிராஸ் அவளையும் தம்ளரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“எந்தப் பதிவு?”

“கொச்சிக்காரன் ஒரு புட்டிய வித்துட்டான். எங்க ஆபீசுக்கு வந்துருக்கு.”

“நீயா பதியப் போற?”

“நான் செய்யாட்டி இன்னொருத்தன் செய்வான். அவனுக்கு ஒயினும் ஒண்ணுதான், வடிச்ச கஞ்சியும் ஒண்ணுதான். நம்ம வீட்டுது, நம்ம நாக்குல...”

“நிறுத்து.”

அவர் சத்தம் போடவில்லை. தம்ளரை அவள் கையிலிருந்து வாங்கி, ஒயினைத் திரும்பப் பீப்பாய்க்குள் ஊற்ற முடியாமல், கீழேயும் கொட்ட மனம் வராமல், கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

“எவனோ வந்து வெட்டுனான்னா போலீசுக்குப் போகலாம். கோயிலுக்குப் போயி அழலாம். நீ வெட்டுனா நான் எங்க போறது, பிலோமி?”

அவள் நிலவறையை விட்டு வெளியே வந்தாள். சாப்பிடாமலே புறப்பட்டாள். மதினி தெருமுனை வரைக்கும் கூடவே வந்தாள்.

பதிவு திங்கள்கிழமை காலையில் நடந்தது. வெள்ளைச் சுவர் அறை, சாய்வு நாற்காலி. தலையில் கம்பிகள் பின்னிய தொப்பி, நாக்கின் மேல் வெங்காயத் தோல் மாதிரி ஒரு படலம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தாரிணி.

பிலோமினா தன் கையாலேயே மெழுகை உடைத்தாள். அண்ணனின் விரல் அச்சு இரண்டாகப் பிளந்தது. ஒயினைக் கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றிச் சுழற்றினாள். நாவல்பழச் சாறுபோலக் கறுப்பு, விளிம்பில் மட்டும் ஊதா. சுழற்றி நிறுத்திய பிறகும் கண்ணாடியின் உட்புறத்தில் எண்ணெய்போல ஒட்டிக்கொண்டு மெல்ல இறங்கியது. இந்தக் கனத்தைப் பார்த்தாலே தெரியும், இது நீண்ட நாள் இருக்கும் ஒயின், பொறுமையாக இருக்கத் தெரிந்த ஒயின். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு ஒரு ருசிக்காக ஆசைப்பட்டாள். ஒரே ஒரு தடவைதான். அதன்பிறகு இது தனக்கு இல்லை. ஆனால் அந்த ஒரு தடவை?

மூக்கை உள்ளே விட்டு இழுத்தாள்.

ஒன்றும் இல்லை. சாராயத்தின் காந்தல் மட்டும் மூக்கின் உட்புறத்தைச் சுட்டது.

இன்னொரு முறை இழுத்தாள். பிறகு பயந்துபோய் ஒரு மடக்கு வாயில் விட்டாள்.

நாக்கு இறுகியது. ஈரத் துணியை முறுக்கிப் பிழிவதுபோல யாரோ அவள் நாக்கைப் பிழிந்தார்கள். கன்னங்கள் உள்ளுக்குள் ஒட்டிக்கொண்டன. ஈறு வறண்டது. அப்படி ஒரு துவர்ப்பு. அதற்குள் ஏதாவது இருக்கும், அதைத் தாண்டினால் ஏதாவது வரும் என்று அவள் காத்திருந்தாள். நாவல் வரவில்லை. மிளகு வரவில்லை. கிராம்பு, காப்பி, மழை விழுந்த மண், கருப்பட்டி, புதுத் தோல்செருப்பு, ஒன்றுகூட வரவில்லை. எதெல்லாம் இந்த ஒயினுக்குள் இருக்க வேண்டுமோ, அதையெல்லாம் அவள் ஏற்கெனவே ஒவ்வொன்றாகக் கொடுத்து முடித்திருந்தாள். பழத்தைக் கொடுத்தால் பழம்தான் போகும் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். அந்தப் பழத்தின் சாயல் எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் அது போய்விடும் என்று யாருக்கும் தோன்றவில்லை. துவர்ப்பு மட்டும் மிஞ்சியது. அறுசுவையில் எண்ணினாலும் துவர்ப்பு உண்மையில் ருசியே இல்லை, தொடு உணர்ச்சி. அதை எந்த எந்திரமும் உழ முடியாது.

நிலவறையில் வாசனை வராதது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது.

அழுகை வரும் என்று அவள் எதிர்பார்த்தாள். ஆனால் வேறொன்று வந்தது. அப்படியானால் இந்தப் பதிவு வெறும் கூடு. தர ஆய்வில் தள்ளிவிடுவார்கள். துரைப்பாண்டி வந்தாலும் இதே கதிதான். கூடத்தில் இருக்கிற எந்தச் சுவைஞரின் வாயிலும் இந்த ஒயின் இனிமேல் பதியாது. இது யாருக்கும் அகப்படாது. கொடி தப்பித்துவிட்டது.

அடிவயிற்றிலிருந்து ஒரு சந்தோஷம் குபுக்கென்று கிளம்பி மேலே வந்தது. சிறு பிள்ளைக்கு வருவதுபோலத் தலைகால் புரியாத சந்தோஷம். வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு, முகத்தில் ஒன்றும் காட்டாமல் கண்ணை மூடிக்கொண்டாள்.

தாரிணி கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்தாள். “மேடம்! இப்படி ஒரு பதிவை நான் பார்த்ததே இல்ல. முதல்ல அந்தப் பிடி, அப்பறம் கடைசியில ஒரு உச்சம். அளவுகோலைத் தாண்டிப் போயிருக்கு. தர ஆய்வு அங்கயே பச்சை காட்டிருச்சு.”

“எதுக்குப் பச்சை காட்டுச்சு?”

“உச்சம் இருக்குல்ல? அது போதும்.”

பிலோமினா தொப்பியைக் கழற்றக்கூட இல்லை. “தாரிணி, அதுல ஒயின் இல்லம்மா. எனக்கு ஒண்ணுமே தெரியல. என் நாக்கு செத்துப்போச்சு. அழிச்சிரு.”

தாரிணி முதலில் சிரித்தாள். பிறகு அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். கதவைச் சாத்திவிட்டு வந்து, “எவ்வளவு நாளா?” என்று கேட்டாள்.

“தெரியல. ஒரு வருசம் இருக்கலாம், ரெண்டு வருசம் இருக்கலாம். எனக்கு மட்டும் இருக்காது. எல்லாருக்கும் இருக்கும்.”

“அப்ப இந்த ரெண்டு வருசத்துல வெளியே போனதெல்லாம்...”

“ஓட்டையாத்தான் இருக்கும். கூழு குடிக்கிற ஜனங்களுக்கு ஒப்பிட்டுப் பாக்க என்ன இருக்கு? நம்மளுக்கும் தெரியாமப் போச்சு.”

தாரிணி சுவரில் சாய்ந்துகொண்டாள். அவளுக்குக் கெட்ட மனசு கிடையாது, பயம் மட்டும்தான் இருந்தது. “இதை வெளிய சொன்னீங்கன்னா ஊருல ஒருத்தரும் நாளைக்குக் கூழு குடிக்க மாட்டாங்க மேடம். எங்கம்மா குடிக்க மாட்டாங்க. அதுல இப்பவும் மீன்குழம்பு இருக்குன்னு நம்பித்தான் குடிக்கிறாங்க. நான் அழிக்கிறேன்னு சொன்னாலும் என்னால முடியாது. மன்றத்துக்கு ஏற்கெனவே போயிருச்சு.”

பிலோமினா மறுநாளே மன்றத்துக்குப் போனாள். கதர்ச்சட்டை போட்ட அதிகாரி ஒருவர் அவள் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். மோர்கூட வாங்கிக் கொடுத்தார். எல்லாம் சொல்லி முடித்ததும், “பதிவு இருக்காம்மா, இல்லையா?” என்றார்.

“இருக்குங்க. ஆனா அதுக்குள்ள அந்த ஒயின் இல்ல.”

“உள்ள என்ன இருக்குன்னு பாக்குறது எங்க வேலை இல்லம்மா. இருக்கா, இல்லையா? அவ்வளவுதான்.”

அந்த மாதக் கடைசியில் இன்னாசிபுரத்து மடையை அடைத்துப் பூட்டுப் போட்டார்கள்.

மற்ற தோட்டங்களாக இருந்தால் பத்து நாளில் சுருண்டிருக்கும். அந்தக் கொடிகள் விடவில்லை. வேர் கீழே எதையோ தேடிப் பிடித்துச் சித்திரை முழுக்கப் பச்சையாகவே நின்றன. ஊரார் வேடிக்கை பார்க்க வந்தார்கள். பங்கிராஸும் சலேத் மேரியும் தங்கள் பங்குக் குடிநீரில் பாதியைக் குடத்தில் எடுத்துப்போய் அடியில் ஊற்றினார்கள். வைகாசியில் நுனி இலைகள் கருகின. பிறகு மொத்தமாக, ஒரே வாரத்தில், நெருப்பு வைத்தது மாதிரி ஆயிற்று. செய்தி கேட்டு பிலோமினா ஓடினாள். மதினி படலைத் திறக்கவில்லை.

“உள்ள வராத தாயி. அவரு கையில கோடாலி இருக்கு. ஒண்ணும் செஞ்சிர மாட்டாரு. ஆனா உன்னப் பாத்தா அழுதுருவாரு. வெட்டி முடிக்கட்டும். வெட்டும்போது அழுதா வெட்ட முடியாது.”

படலுக்கு இந்தப் பக்கம் நின்று அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். காய்ந்த மரத்தில் கோடாலி விழும் சத்தம் நிதானமாக வந்துகொண்டே இருந்தது. ஒரு தடவையும் வேகம் கூடவில்லை.

அதன் பிறகு அண்ணன் அவளோடு பேசவில்லை.

‘நூற்றாண்டுச் சிவப்பு’ என்ற பெயரில் அந்தப் பதிவு கடைக்கு வந்தது. வாங்கினவர்கள் முகத்தைச் சுளித்தார்கள். வாய் காய்ந்துபோகிறது, பல்லைக் கூசுகிறது, இதையா நூறு வருடம் வளர்த்தார்கள் என்றார்கள். நிஜமான ஒயினாக இருந்தால் இருபது வருடம் படுத்துக் கிடந்து பதமாகியிருக்கும். பதிவு முதிர்வதில்லை. அது என்றைக்கும் அந்தத் திங்கட்கிழமையிலேயே நின்றுவிட்டது. இரண்டு மாதத்தில் கடையிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

ஆனால் வாங்கினவர்களில் சிலர் ஒன்று சொன்னார்கள். கடைசியில் ஏதோ வருகிறது. குடித்து முடிக்கிற இடத்தில், நெஞ்சுக்குள், காரணமே இல்லாமல் ஒரு சந்தோஷம் வருகிறது. அதற்காகத் துவர்ப்பைப் பொறுத்துக்கொள்கிறோம் என்றார்கள். நிறுவனம் கேட்டுக்கொண்டது. ஒயினை வெட்டி எறிந்துவிட்டு, கடைசியில் இருந்த அந்தச் சில நொடிகளை மட்டும் தனியே எடுத்தார்கள். ‘தெம்பு’ என்று பெயர் வைத்தார்கள். எந்தக் கூழோடும் போட்டுக்கொள்ளலாம். கூழே இல்லாமலும் போட்டுக்கொள்ளலாம். அடுத்த பொங்கலுக்குள் அது ரேஷனில் மாவோடு சேர்ந்தே வரத் தொடங்கியது. ஊர் அமைதியாக இருந்தது. தண்ணீர் வண்டிக்கு முன்னால் நடக்கும் சண்டைகூடக் குறைந்துவிட்டது என்று தாரிணி சொன்னாள். சொல்லும்போது அவளால் பிலோமினாவை நேராகப் பார்க்க முடியவில்லை.

“அதே மாதிரி இன்னும் ரெண்டு மூணு வேணுங்கிறாங்க மேடம். எந்தப் பொருளா இருந்தாலும் சரியாம். அந்த உச்சம் வந்தாப் போதுமாம்.”

“அது எதுக்கு வந்துச்சுன்னு உனக்குத் தெரியுமா?”

“தெரியாது. சொல்லாதீங்க, தயவுசெஞ்சு.”

பிலோமினா அன்றோடு வேலையை விட்டாள்.

பங்கிராஸ் அடுத்த ஐப்பசியில் ஒரு நாள் மத்தியானம் அவள் வீட்டுக் கதவைத் தட்டினார். கையில் ஒன்றும் கொண்டுவரவில்லை. ஆள் பாதியாகியிருந்தார். இப்போது பந்தல் இல்லாததாலோ என்னவோ முதுகு கொஞ்சம் நிமிர்ந்திருந்தது. அது அவருக்குப் பொருந்தவே இல்லை.

“வாங்கண்ணே” என்று உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தாள். கூழ் கரைத்துக் கொடுத்தாள். பட்டை ஒட்டாமலே குடித்தார். அவளும் அப்படியே குடித்தாள்.

“ஒண்ணு கேக்கத்தான் வந்தேன்,” என்றார். “கேட்டுட்டுப் போயிர்றேன்.”

“கேளுங்க.”

“அந்த ஒயின் பதிவ, கடையில வந்தன்னைக்கே வாங்கி மாட்டிப் பாத்தேன். மனசு கேக்கல. நம்ம சரக்குதானன்னு மாட்டுனேன். ஒண்ணும் இல்ல. நாக்கு இழுத்துச்சு, அம்புட்டுத்தான். சரி, எந்திரக் கோளாறுன்னு விட்டேன். ஆனா கடைசில...” அவர் கிண்ணத்தைக் கீழே வைத்தார். “கடைசில ஒரு சந்தோசம் வருதே, அது என்னது? இப்ப ரேசன்லயும் அதைத்தான் குடுக்குறானுக. ஊரே காதுல ஒட்டிக்கிட்டுத் திரியுது. மாட்டுன உடனே எனக்குத் தெரிஞ்சுபோச்சு, அது உன் சந்தோசம். சின்னப்பிள்ளையில நீ ஊஞ்சல்ல போறப்ப இப்பிடித்தான் இருந்திருக்கும்னு தெரியுது. எங்கொடியக் கொல்லும்போது உனக்கு அப்பிடி என்ன சந்தோசம் வந்துச்சு, பிலோமி? அதை மட்டும் சொல்லிரு.”

அவள் சொன்னாள். எதையும் விடாமல் சொன்னாள். நாக்கு செத்துப்போயிருந்தது, அதை ஒயின் வாயில் இருக்கும்போதுதான் கண்டுபிடித்தது, பதிவு தேறாது, கொடி பிழைத்துவிட்டது என்று நம்பியது, அந்த நம்பிக்கையில் பொங்கியது, மன்றத்துக்குப் போனது, எல்லாவற்றையும் சொன்னாள்.

“அப்ப அது கொடி பொழைச்சிருச்சுங்கிற சந்தோசமா?”

“ஆமாண்ணே.”

“நெசமாவா?”

“சத்தியமா.”

அவர் கோபித்துக்கொண்டால் நன்றாக இருக்கும் என்று பிலோமினாவுக்குத் தோன்றியது. அவர் நம்பிவிட்டார். நம்பியது அவர் தோளில் தெரிந்தது. எதையோ இறக்கிவைத்த மாதிரி தோள் தளர்ந்தது. ஆனால் தளர்ந்த பிறகு நிமிரவில்லை.

“வராமலே இருந்திருக்கலாம்,” என்றார்.

“ஏண்ணே?”

“இம்புட்டு நாளும் உம்மேல கோவம் இருந்துச்சு. காலையில எந்திரிக்க அது ஒண்ணு போதுமா இருந்துச்சு. வெறுந்தோட்டத்துல போயி நின்னு உன்னத் திட்டிட்டு வருவேன். பசிக்கும். சாப்புடுவேன். இப்ப நாளைக்கு எந்திரிச்சு நான் என்ன செய்ய?”

அவள் அவர் கையைப் பிடித்தாள். அவர் இழுத்துக்கொள்ளவில்லை.

“உன் மதினிகிட்ட இதச் சொல்லாத,” என்றார். “அவ தெனமும் காலையில அதை ஒட்டிக்கிட்டுத்தான் அடுப்புக்கிட்டப் போறா. எதுக்கு வந்த சந்தோசம்னு தெரிஞ்சா அதுவும் இல்லாமப் போயிரும்.”

“இங்கயே இருங்களேண்ணே. மதினியையும் கூட்டிட்டு வந்துரலாம்.”

“இல்ல தாயி. பொழுதிருக்கப் போயிர்றேன்.”

பேருந்து நிலையம்வரை கூடப் போனாள். கம்பம் வண்டி புறப்படத் தயாராக நின்றது. சனங்கள் ஏறி உட்கார்ந்தார்கள். உட்கார்ந்ததும் ஒவ்வொருவராகக் காதுக்குப் பின்னால் கையைக் கொண்டுபோனார்கள். குடத்தோடு வந்த ஒரு கிழவர், முக்காடு போட்ட ஒரு தாய், கல்லூரிப் பெண்கள். ஒவ்வொரு முகத்திலும் அது வந்தது. கண் கொஞ்சம் விரிந்து, உதடு பிரிந்து, யாரையும் பார்க்காமல் ஒரு மலர்ச்சி. பிலோமினா தன் முகத்தைக் கண்ணாடியில் அப்படிப் பார்த்ததே கிடையாது. ஆனால் அது தன்னுடையது என்று தெரிந்தது.

பங்கிராஸ் ஜன்னலோரம் உட்கார்ந்தார். அவளைப் பார்த்துத் தலையசைத்தார். வண்டி கிளம்பும்போது சட்டைப்பையிலிருந்து எதையோ எடுத்து, உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கையை மெல்லக் காதுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

அது அவர் முகத்தில் வருவதற்குள் பிலோமினா திரும்பி நடந்தாள்.